நிலா கொடுத்த கால்ஷீட்

நியூசிலாந்தின் ஏபெல் டாஸ்மன் கடற்கரைப் படங்களை எங்காவது பார்த்திருப்பீர்கள். மஞ்சள் மணல், அடிவரை தெரியும் பச்சைத் தண்ணீர், மலைச்சரிவில் ஓர் ஒற்றையடிப் பாதை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஒருவர் அதில் மகா நிம்மதியாக நடந்துகொண்டிருப்பார். அவருடைய நிம்மதிக்குப் பின்னால் ஒரு டிராக்டர் உழைக்கிறது. ஓர் ஓத அட்டவணை இருக்கிறது. காட்டுக்குள் முட்டை வைத்த மரப்பெட்டிகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. வண்டி நிறுத்துமிடத்தில் கழிவுத் தொட்டி ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கிறது. படத்தில் இதெல்லாம் வராது. எனக்கோ அதுதான் வேண்டும்! சினிமா முடிந்து எல்லோரும் எழுந்து போனபிறகும் மேக்கிங் காட்சிகள் ஓடும் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகம் நான்.

ஆக ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு வாருங்கள்.

அக்கா குடும்பம் ஆக்லாந்தில் இருக்கிறது. அங்கே ஜனவரி என்றால் உச்சக் கோடை, பள்ளி விடுமுறை. ஆறு பேர் படுக்கலாம் என்று எழுதியிருந்த, நான்கு பேர் தாராளமாக இடித்துக்கொள்ளக்கூடிய கேம்பர்வேன் ஒன்றை அத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார். வெலிங்டனில் வண்டியோடு கப்பலேறினால் மூன்றரை மணி நேரத்தில் தென்தீவின் பிக்டன். பிறகு நெல்சன், மோட்டுவேக்காவின் ஆப்பிள் தோட்டங்கள், கைத்தேரித்தேரி மலை வளைவுகள். மராஹாவ் என்ற குட்டி ஊரோடு தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து அதற்குமேல் கரையோரமாகப் போகக் கால் வேண்டும், இல்லையென்றால் படகு வேண்டும்.

கேம்பர்வேனை வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது சுதந்திரத்தின் சின்னம். உள்ளே இருப்பவர்களுக்கு அது கொக்கி! எல்லாவற்றுக்கும் கொக்கி. அலமாரிக்குக் கொக்கி, குளிர்பெட்டிக்குக் கொக்கி, கழிப்பறைக் கதவுக்குக் கொக்கி. கிளம்புவதற்கு முன் ஒருவர் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கவேண்டும். ஒன்று விட்டுப்போனால் முதல் வளைவிலேயே தட்டுகள் தங்கள் இருப்பைத் தெரிவித்துவிடும். காஸ் சிலிண்டர் மூடியாயிற்றா, மின்கம்பியைப் பிடுங்கியாயிற்றா என்று அத்தான் விமானி மாதிரி உரக்கக் கேட்பார், அக்கா மகன் பின்னாலிருந்து பதில் சொல்வான். பதினாலு வயசு. "செக்" என்று அவன் சொல்லும் கம்பீரத்தைக் கேட்கவேண்டும்.

வண்டியின் கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. சும்மா அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன், அத்தான் பாடமே எடுத்துவிட்டார். மூன்று நாளைக்குத் தேவையான தண்ணீரையும், மூன்று நாளில் சேரும் கழிவையும் வண்டியே சுமக்க முடியும் என்பதற்கான சான்று அது. 2023இல் வந்த சட்டம் இன்னும் கறார்: கழிப்பறை வண்டிக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சீட்டுக்கடியில் மடக்கி வைத்த பிளாஸ்டிக் வாளியைக் காட்டித் தப்பிக்க முடியாது. இந்த ஸ்டிக்கர் இல்லாமல் கண்ட இடத்தில் இரவு தங்கினால் அபராதம். எங்கு போனாலும் அந்தக் கரைகள் ஏன் அப்படித் துடைத்துவைத்தாற்போல் இருக்கின்றன என்பதற்கு இந்தக் கையளவு ஸ்டிக்கரும் ஒரு காரணம் என்று நான் சொல்வேன்.

நடைக்கு முந்தைய இரவே கட்டுச்சோற்று வேலை ஆரம்பம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஆக்லாந்தின் சாண்ட்ரிங்கம் சாலைக் கடையில் வாங்கிய மோர்மிளகாய். வேனுக்குள் கடுகு தாளித்தால் என்ன ஆகும்? புகை எச்சரிக்கை மணி தலைக்குமேலே அலறும்! பக்கத்து வண்டியில் இருந்த ஜெர்மன்காரத் தம்பதி எழுந்து வந்து எட்டிப்பார்த்தார்கள். அக்கா அசரவில்லை. கதவைத் திறந்துவிட்டு, துண்டால் விசிறிக்கொண்டே, "வாசனை வருதா? அப்ப சரியாத்தான் இருக்கு" என்றாள்.

சரி, நடையின் நேரத்தை யார் தீர்மானித்தது? நாங்கள் இல்லை. அத்தான் கைபேசியில் ஓத அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு கால்ஷீட் பார்க்கும் புரொடக்ஷன் மேனேஜர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நம்மூரில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். அதனால்தான் திருச்செந்தூரில் கடல் கொஞ்சம் உள்வாங்கினாலும் மாலைச் செய்தியில் வந்துவிடுகிறது. ஏபெல் டாஸ்மன் கரையில் அந்த வித்தியாசம் நான்கு மீட்டரைத் தொடும். ஒரு மாடி உயரத்துக்கும் மேலான தண்ணீர் தினமும் இரண்டு தடவை வந்து, இரண்டு தடவை எழுந்து போகிறது. காலையில் படகு மிதந்த கழிமுகத்தில் மத்தியானம் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஆட்டம் இன்னும் பெரிது. இன்றைக்கு இரண்டு மணிக்கு வற்றினால் நாளைக்கு இரண்டு ஐம்பதுக்கு வற்றும். நிலா நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது, கடல் அதன் பின்னாலேயே போகிறது.

மராஹாவிலிருந்து வைனுயி வரை அந்தப் பாதையின் முழு நீளம் 60 கிலோமீட்டர். மூன்று முதல் ஐந்து நாள் நடப்பார்கள். வடக்கே அவரோவா கழிமுகத்தில் சுற்றுப்பாதையே கிடையாது. கடல் வற்றுவதற்கு ஒன்றரை மணி முன்னாலிருந்து, வற்றிய பிறகு இரண்டு மணி நேரம் வரைதான் கடக்கலாம். அந்த நேரம் தவறினால் கரையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். இதே அவரோவாவில்தான் 2016இல் ஓர் அதிசயம் நடந்தது. தனியார் கையில் இருந்த ஏழு ஹெக்டேர் கடற்கரை விற்பனைக்கு வந்தபோது ஊர் மக்கள் இணையத்தில் உண்டியல் குலுக்கினார்கள். சுமார் 40,000 பேர் போட்ட பணம் இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. கடற்கரையை வாங்கி, அப்படியே தேசியப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து ஒரே பரபரப்பு. கடற்கரை வாங்க மொய் எழுதிய ஊர்!

எங்கள் பங்கு ஒரு பகல்தான்: படகில் பார்க் பே போய் இறங்கி, ஆங்கரேஜ் வரை தெற்கே நடந்து வந்து, அங்கிருந்து மறுபடி படகு. இடையில் டாரன்ட் பே கழிமுகம். கடல் வற்றியிருந்தால் குறுக்கே நடக்கலாம், மொத்தம் எட்டரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஏறியிருந்தால் சுற்றிக்கொண்டு போகவேண்டும், பதினொன்றரை ஆகும்.

இப்போது டிராக்டர்!

படகுத்துறையைத் தேடிப் போனால் துறையே இல்லை. ஊருக்குள், கடலிலிருந்து தள்ளி, ஒரு முற்றத்தில் படகு டிரெய்லர்மேல் நிற்கிறது. ஏணி வைத்து ஏறச் சொல்கிறார்கள். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முன்னால் டிராக்டர் உறுமுகிறது. தரையில் இருக்கும் படகில் நாங்கள் கடைத்தெரு வழியாக ஊர்வலம் போனோம்! எதிரே வந்த கார்கள் ஒதுங்கி நின்றன, காப்பிக் கடை வாசலில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். நானும் விடாமல் பதிலுக்கு அசைத்தேன், தேர்மேல் ஏறிவிட்டால் சும்மா இருக்க முடியுமா? டிராக்டர் நேரே தண்ணீருக்குள் இறங்கிப் பின்வாங்க, டிரெய்லர் மூழ்க, படகு தானாக மிதந்துவிட்டது. கடல் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் இதே டிராக்டர் ஈரமணலில் வெகுதூரம் ஓடித் தண்ணீரைத் தேடிப் பிடிக்கும். கடல் இப்படித் தினமும் இடம் மாறினால் எந்தக் கல்துறையை எங்கே கட்டுவது? நகரும் கடலுக்கு நகரும் துறை. கண்டுபிடித்தவருக்கு என் கும்பிடு.

படகு முதலில் தோக்கங்காஃபாவுக்குப் போனது, பிளந்த ஆப்பிள் பாறை. தண்ணீருக்குள் ஓர் உருண்டைக் கருங்கல், நடுவில் கத்தி வைத்தாற்போல் பிளவு. இரண்டு தெய்வங்கள் எனக்கு உனக்கு என்று இழுத்ததில் பிளந்தது என்பது மாவோரி மக்கள் சொல்லும் கதை. கருங்கல்லில் இயல்பாக இருக்கும் விரிசலில் தண்ணீர் புகுந்து பிளந்தது என்பது புவியியலாளர் சொல்வது. அக்கா முதல் கட்சி. இரண்டு பிள்ளை வளர்த்தவளாம், இழுத்தால் பிளக்கும் என்று அவளுக்குத் தெரியுமாம்.

இந்தக் கரை முழுவதுக்கும் மஞ்சள் பூசியதும் அந்தக் கருங்கல்தான். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான பாறை உதிர்ந்து உதிர்ந்து குவார்ட்ஸ் மணலாகிறது. மணியின்மேல் மெல்லிய இரும்புத் துரு படிந்திருக்கிறது. பொன் மணல் என்று உருகுகிறோமே, மேக்கப் சாமான் துருதான்!

இனி இந்தப் படத்தின் பெரிய ரகசியம். தலைப்பில் பேர் போட்டிருக்கிற ஹீரோ ஒரு நாள்கூடக் கால்ஷீட் கொடுக்கவில்லை. டச்சு மாலுமி ஏபெல் டாஸ்மன் 1642 டிசம்பரில் இரண்டு கப்பல்களோடு இப்பக்கம் வந்து, பூங்காவின் வடகோடிக்கு அருகே நங்கூரமிட்டார். அங்கே வாழ்ந்த ங்காத்தி தூமத்தக்கோக்கிரி மாவோரிகளுக்கும் கப்பல்காரர்களுக்கும் மோதல் வந்தது, அவருடைய ஆட்களில் நான்கு பேர் செத்தார்கள். கொலைகாரர் விரிகுடா என்று வரைபடத்தில் எழுதிவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டார். கரையில் கால் வைக்கவேயில்லை. ஆனாலும் பூங்கா அவர் பேரில்!

ஏன் என்றால் அதற்குப் பின்னால் ஒரு கெட்டிக்கார அம்மாள் இருந்தார். பெரீன் மொன்க்ரீஃப், பறவைப் பித்து. நியூசிலாந்துப் பறவைகளை அடையாளம் காண 1925லேயே கையேடு எழுதியவர். இந்தக் கரையின் காடுகளை வெட்டித் தள்ளுவது கண்டு பொறுக்காமல், பூங்காவாக்குங்கள் என்று அரசாங்கத்தை நச்சரித்தார். வெறும் பறவையைச் சொன்னால் காரியம் நடக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாஸ்மன் வந்து 300 ஆண்டு நிறைகிறது, அதைக் கொண்டாட ஒரு பூங்கா வேண்டாமா என்று பிடித்தார். நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினாவையே புரவலராகக் கொண்டுவந்துவிட்டார். உலகப்போர் நடுவில், 1942 டிசம்பரில், பூங்கா திறந்தாயிற்று. நாட்டின் தேசியப் பூங்காக்களில் இன்றைக்கும் இதுதான் மிகச் சிறியது. டாஸ்மன் பேரை அந்த அம்மாள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் பாருங்கள். என்னைக் கேட்டால் போஸ்டரில் இருக்கவேண்டிய முகம் அவருடையது.

பார்க் பேயிலும் துறை கிடையாது. படகின் மூக்கை மணலில் முட்ட வைத்து ஒரு பலகையை நீட்டுகிறார்கள், இறங்கிக்கொள்ளலாம். அலை வந்து முழங்காலை நனைத்தால் அது இலவசம். தோல் பதனிடப் பட்டை உரித்து ஏற்றிய இடம் என்பதால் அந்தப் பேர். அடுத்தடுத்த விரிகுடாக்களும் அப்படித்தான்: வடக்கே டோங்கா பேயில் கருங்கல் வெட்டினார்கள், நெல்சன் தேவாலயப் படிகளில் அந்தக் கல் இருக்கிறது. மரம் அறுத்தார்கள், கப்பல் கட்டினார்கள், மேய்ச்சலுக்காகக் காட்டைக் கொளுத்தினார்கள். ஆகவே நீங்கள் படத்தில் பார்க்கிற ஆதிவனத்தில் பெரும்பகுதி மறுபடி முளைத்தது. மானூக்கா, கானூக்கா புதர்கள் முதலில் வந்து நிழல் கொடுக்க, அதற்கடியில் மற்றவை தலைகாட்டி வருகின்றன. ஓடைப் பள்ளங்களில்தான் பழைய காடு: மரம்போல் உயர்ந்த பெரணிகள், இருட்டு, ஈரம்.

அங்கே ஒரு மரத்தண்டு கரிபூசியதுபோல் கறுப்பாக இருந்தது. தீப்பிடித்ததோ என்று கிட்டே போனால் பஞ்சு மாதிரி ஒரு பூஞ்சை. தண்டிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய நூல்கள் நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் ஒவ்வொரு துளி. பட்டைக்குள் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி வெளியே விடுகிற இனிப்பு அது. பறவைகளுக்கு விருந்து. சிந்தும் மிச்சத்தில்தான் பூஞ்சை வளர்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த குளவிகளுக்கும் சங்கதி தெரிந்துபோய், மொய்த்துக்கொண்டிருந்தன. "கை வைக்காதீங்க சித்தி, அதுங்க பயங்கர மோசம்" என்று அக்கா மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

பாதையோரம் நீளமான மரப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு முனையிலும் கம்பிவலை, நடுவில் கை நுழையாத ஓட்டை. உள்ளே முட்டையோ முயல்கறியோ வைத்த இரும்புப் பொறி! முயல் பெருகிவிட்டது என்று 1880களில் இங்கிலாந்திலிருந்து ஸ்டோட் என்ற கீரி மாதிரிப் பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முயலை விட்டுவிட்டு, பறக்கத் தெரியாத பறவைகளின் கூட்டில் கைவைத்தது. 2012இல் தொடங்கிய ‘புராஜெக்ட் ஜான்சூன்’ என்ற அறக்கட்டளை இயற்கை வளப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து பூங்காவெங்கும் பொறி வைத்துவருகிறது. காக்கா என்ற கிளியைக் கொண்டுவந்து மறுபடி குடியேற்றியிருக்கிறது. ஆமாம், அங்கே கிளிக்குப் பேர் காக்கா, சிரித்து முடியுங்கள். பூங்காவின் நூற்றாண்டான 2042தான் அவர்களுடைய இலக்கு. ஜான்சூன் யார்? டாஸ்மனின் நடுப்பெயர். மனிதர் விடமாட்டார் போல!

மதியச் சாப்பாட்டை ஒரு பாறைமேல் விரித்தோம். புதருக்குள்ளிருந்து பழுப்புக் கோழி ஒன்று சாவகாசமாக நடந்து வந்தது. வேக்கா. பறக்காது, வெட்கப்படாது. எலுமிச்சை சாதத்தை அளந்து பார்த்தது, அத்தானின் செருப்பை அளந்து பார்த்தது, கடைசியில் மோர்மிளகாய்ப் பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது! காட்டுயிருக்குத் தீனி போடக்கூடாது, குப்பைத் தொட்டி எங்கும் கிடையாது, கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். சட்டத்தைக் காப்பாற்ற அக்கா மகன் புதருக்குள் பாய்ந்தான். பொட்டலம் பிரியாமல் திரும்பியது. "ஒண்ணே ஒண்ணு கடிச்சிருந்தா அடுத்த வண்டிக்காரன் சாப்பாடு பொழைச்சிருக்கும்" என்றாள் அக்கா.

ஃபால்ஸ் ஆற்றுத் தொங்குபாலம் 47 மீட்டர். முன்னால் போகிறவர் வைக்கும் ஒவ்வோர் அடியும் பின்னால் வருகிறவர் வயிற்றுக்கு வந்து சேரும். அக்கா நடுவில் நின்றுகொண்டு யாரும் அசையாதீங்க என்று உத்தரவு போட்டுவிட்டு, அவள் மட்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டாள். பாலத்துக்கப்புறம் ஏற்ற இறக்கம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதை அகலம், கால் சறுக்காது, பாட்டி தாத்தாக்களும் நடக்கிறார்கள்.

டாரன்ட் பே வந்தபோது இரண்டரை மணி நேர நடை ஆகியிருந்தது. சாலையே இல்லாத கரையில் விடுமுறை வீடுகள், தோட்டம், துணிக்கொடி. பால்பாக்கெட்டிலிருந்து படுக்கை மெத்தைவரை படகில்தான் வரவேண்டும். முன்னால் கழிமுகம் வற்றிக்கிடந்தது. இங்கே அணி இரண்டாகப் பிரிந்தது. சுற்றுப்பாதையில் போனால் கிளியோபாட்ராவின் குளம் என்று ஒன்று வரும். பாசி படிந்த பாறையில் ஆறு வழுக்கிக்கொண்டு இறங்கும், நாமும் கூடவே வழுக்கலாம். அக்கா மகனுக்கு அது இல்லாமல் ஜென்மம் சாபல்யமாகாது, துணைக்கு அத்தான். அக்காவும் நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடலின் அடித்தரையில் இறங்கினோம்.

எந்தக் காட்சிமுனையும் இதற்கு ஈடில்லை, சத்தியமாக! கடல் காலையில் எங்கெல்லாம் புரண்டிருக்கிறது என்பது மணலில் வரிவரியாக எழுதியிருந்தது. நண்டுப் பொந்துகள் கண்சிமிட்டின. சிப்பிகள் உள்ளங்காலைக் கிள்ளின. நடுவே முழங்காலளவு வாய்க்கால், ஐஸ். சிவப்பு அலகோடு கறுப்புப் பறவை ஜோடி எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டே கூட வந்தது. எதிரே ஒரு குடும்பம் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடந்துபோனது. ஒருவருக்கொருவர் பல்லைக் காட்டிக்கொண்டோம். நேரம் பார்த்து வந்துவிட்டவர்களின் கள்ளச் சிரிப்பு அது. இன்னும் சில மணி நேரத்தில் நாங்கள் நிற்கிற இடத்தில் பாய்மரப் படகு மிதக்கும்!

ஆங்கரேஜ் கரையில் குளித்து, தூங்கி, எழுந்தபோது கிளியோபாட்ரா அணி வந்து சேர்ந்தது. அத்தானின் அரைக்கால் சட்டையின் பின்பக்கம் முழுக்கப் பச்சை. விசாரிக்கவில்லை. நான்கு மணிப் படகு மூக்கை மணலில் முட்டியது.

மராஹாவ் திரும்பியதும் நிஜமான கிளைமாக்ஸ். கேம்பர்வேன் கழிப்பறைக்கடியில் ஒரு பெட்டி உண்டு, கேஸட் என்பார்கள். இருபது லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். வெளிப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து உருவி, டம்ப் ஸ்டேஷனுக்கு உருட்டிக்கொண்டு போய், காற்று விடும் பொத்தானை அழுத்தியபடி கவிழ்க்கவேண்டும். பொத்தானை மறந்தால் களக் களக் என்று தெறிக்கும். பிறகு அலசி, நீல மருந்து ஊற்றி, மறுபடி சொருகவேண்டும். முறை யாருடையது என்பதில் எங்கள் வண்டியில் தினமும் பஞ்சாயத்து. அன்றைக்கு அத்தான் முதுகுவலி என்றார், அக்கா மகன் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டான். மணல்ஈக்கள் என் கணுக்காலில் இரவு விருந்தை ஆரம்பித்திருந்தன.

அக்கா ரப்பர் கையுறையை என் மடியில் போட்டாள்.

"திரைக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு பார்க்கணும் பார்க்கணும்னு காலையிலேருந்து சொல்லிட்டே இருந்தியே. போ, பார்த்துட்டு வா."